முப்பத்தோராம் கணக்கின் இன்னொரு விடை

ஜனவரி 12

மதிப்பிற்குரிய நூலாசிரியர் அவர்களுக்கு,

நலம் விசாரிப்பதற்காக இதை எழுதவில்லை. நீங்கள் நன்றாகத்தான் இருப்பீர்கள். வேலை போனது எனக்கு.

சனிக்கிழமை மத்தியானம் அச்சக முதலாளி என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேஜைமேல் உங்கள் 'இரண்டே வரியில் விடை' கைடு விரித்துக் கிடந்தது. எதிரே ஒரு மாணவியின் அப்பா நின்றபடியே கத்திக்கொண்டிருந்தார். அரையாண்டுத் தேர்வில் 4x² − 20x என்ற இருபடிச் சார்பின் பூஜ்ஜியங்களை, அதாவது x-க்கு எதைப் போட்டால் அது பூஜ்ஜியமாகும் என்று, கேட்டிருக்கிறார்கள். ஐந்து மதிப்பெண். அவர் மகள் 5 என்று ஒரே ஒரு விடை எழுதி இரண்டு மதிப்பெண் வாங்கியிருக்கிறாள். வகுப்பில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான். ஏன் என்று கேட்டால் எல்லோரும் உங்கள் கைடைக் காட்டுகிறார்களாம். அதில் முப்பத்தோராம் கணக்கு 3x² − 12x. விடைப் பக்கத்தில் 4 என்று மட்டும் இருக்கிறது. 0 இல்லை. 34, 37, 40 ஆகிய கணக்குகளிலும் 0 இல்லை.

"ஏம்மா, நாலு இடத்துல சைபரை முழுங்கியிருக்கியே, தூங்கிக்கிட்டே அடிச்சியா?" என்றார் முதலாளி.

"எழுதிக் கொடுத்ததைத்தான் சார் அடிச்சேன்."

"உங்க அண்ணன் போன்ல சொல்லிட்டாரும்மா. அவர் சரியாத்தான் எழுதியிருந்தாராம், அடிக்கிறப்ப விட்டுப்போயிருக்குமாம். கூடப் பிறந்த அண்ணனே சொல்றப்ப நான் என்ன பண்றது?"

அந்த அப்பா என்னை மேலும் கீழும் பார்த்தார். எனக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. இன்னும் கேளுங்கள். புத்தகத்தில் ஒட்டுவதற்கு ஒரு திருத்தச் சீட்டு வேண்டும் என்று, அதையும் என்னையே உட்காரவைத்து அடிக்கச் சொன்னார். "அச்சுக்கோப்பில் நேர்ந்த பிழையால் சில விடைகளில் 0 விடுபட்டுள்ளது. வருந்துகிறோம்." என் கையாலேயே என்மேல் பழி போட்டு அடித்துக் கொடுத்தேன். அதைப் பிரின்ட் எடுத்துச் சரிபார்த்த பிறகுதான், திங்கட்கிழமையிலிருந்து வரவேண்டாம் என்றார்.

பதினொரு வருஷம் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவள் நான். என் வழக்கம் உங்களுக்குத் தெரியும். ஆசிரியர் எழுதியதை நானாக ஒரு எழுத்துகூட மாற்றமாட்டேன். சந்தேகம் வந்தால் கையெழுத்துப் பிரதியின் ஓரத்தில் பென்சிலால் கேள்விக்குறி போட்டுத் திருப்பி அனுப்புவேன். விடைப் பக்கத்தில் முப்பத்தொன்றுக்கு நேரே கேள்விக்குறி போட்டு அனுப்பினேன். நீங்கள் சிவப்புப் பேனாவில் "உள்ளபடியே அடிக்கவும்" என்று எழுதித் திருப்பி அனுப்பினீர்கள். அடித்தேன்.

புரூஃப் எல்லாம் பழைய பேப்பருக்குப் போய்விட்டது. கையெழுத்துப் பிரதி மட்டும் உங்களிடம் இருக்கிறது. கட்டுக் கட்டி உங்கள் விலாசம் எழுதி அனுப்பியவள் நானே. எனக்கு வேண்டியது அந்த ஒரு பக்கம். அதைக் காட்டினால் என் வேலை திரும்பக் கிடைக்கும். பத்து நாளுக்குள் அனுப்புங்கள். போன் செய்யாதீர்கள், எடுக்கமாட்டேன். வாயால் சொல்வதை நீங்கள் எப்படி மாற்றுவீர்கள் என்று பார்த்துவிட்டேன். எழுத்தில் வேண்டும்.

இப்படிக்கு,
அச்சுப்பிழை


ஜனவரி 17

அன்புள்ள வாலு,

என்ன புதிதாக 'மதிப்பிற்குரிய'? என்ன 'நீங்கள்'? சின்ன வயதில் என் சட்டையைப் பிடித்து இழுத்து "டேய் அண்ணா" என்று கத்தியவள் நீ. உன் கடிதத்தை உன் அண்ணி உரக்கப் படித்தாள். நல்லவேளை, அம்மா பக்கத்து அறையில் டிவி பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதலில் நிதானப்படு. உன்னை வேலையைவிட்டு எடுப்பார் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. அவர் போனில் கேட்டார். நான் அவசரமாக வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். "அடிக்கும்போது விட்டுப்போயிருக்கலாம்" என்று பொதுவாகச் சொன்னேன். அவ்வளவுதான்.

நிதானமாக யோசித்துப் பார். இருபத்திரண்டு வருஷமாகக் கணக்கு நடத்துபவன் 3x² − 12x-க்கு ஒரு விடை மட்டும் எழுதுவானா? அதே சமயம், அந்த வாரம் நீ கணினியில் 'தேடி மாற்று' கொடுத்துப் புத்தகம் முழுவதும் காற்புள்ளிகளை மாற்றினாய் என்று முதலாளியே சொல்கிறார். அதில் '0,' சேர்ந்து போயிருக்கலாம் இல்லையா? வேண்டுமென்று செய்தாய் என்று நான் சொல்லவில்லை. மனிதர்களுக்குக் கை தவறுவது சகஜம்.

கையெழுத்துப் பிரதியைத் தேடினேன். கிடைக்கவில்லை. அண்ணி போன மாதம் பழைய பேப்பரோடு சேர்த்துப் போட்டுவிட்டாள் போலிருக்கிறது.

இன்னொன்று. உன்னிடம் மறைப்பானேன், பிப்ரவரியில் தலைமையாசிரியர் பதவிக்குத் தாளாளர் பெயரை முடிவு செய்கிறார். என் பெயரும் அறிவியல் சாருடைய பெயரும்தான் இருக்கின்றன. இந்த நேரத்தில் கணக்கு வாத்தியார் கணக்கில் தப்புச் செய்தார் என்று கிளம்பினால் என்ன ஆகும்? அச்சுப்பிழை என்றால் யாரும் கண்டுகொள்ளமாட்டார்கள். இங்கே எனக்குத் தெரிந்த வேறு அச்சகம் இருக்கிறது, உனக்காகச் சொல்லிவைக்கிறேன். பதவி கிடைத்ததும் எல்லாவற்றையும் சரிசெய்துவிடலாம்.

கோபத்தில் சாப்பிடாமல் இருக்காதே.

அண்ணா


ஜனவரி 21

அண்ணா,

சரி, 'நீ' என்றே எழுதுகிறேன். மரியாதை உனக்கு அதிகப்படி என்பது உன் கடிதத்தைப் படித்ததும் எனக்கே விளங்கிவிட்டது.

கை தவறியதாம்! 'தேடி மாற்று' கொடுத்து '0,' போயிருந்தால், புத்தகத்தில் '10,' '20,' என்று வரும் இடமெல்லாம் என்ன ஆகியிருக்கும்? 1, 2 என்று நின்றிருக்கும். நின்றதா? ஒரு இடத்திலும் இல்லை. சரியாக அந்த நாலு கணக்கில் மட்டும், கடைசியில் தனி எண் இல்லாத நாலே கணக்கில் மட்டும், பார்த்துப் பார்த்து சைபரைத் தின்கிற கணினியை எந்தக் கடையில் விற்கிறார்கள்? சொல், நானும் ஒன்று வாங்குகிறேன்.

நீ என்ன செய்தாய் என்று நான் சொல்கிறேன், கேட்டுக்கொள். உன் புகழ்பெற்ற குறுக்குவழி. 3x² − 12x = 0. அதை 3x² = 12x என்று எழுதி, இரண்டு பக்கமும் 3x-ஐ அடித்துவிட்டாய். x = 4. இரண்டே வரி. ஆனால் x பூஜ்ஜியமாக இருந்தால் நீ வகுத்தது பூஜ்ஜியத்தால் அல்லவா? பூஜ்ஜியத்தால் வகுக்கக்கூடாது என்று உன் புத்தகத்தின் நான்காம் பக்கத்தில் கட்டம் கட்டிப் போட்டிருக்கிறாய். அந்தக் கட்டத்தை வரைந்தவளும் நான்தான். ஒழுங்காகக் காரணிப்படுத்தியிருந்தால் 3x(x − 4) = 0 என்று வந்திருக்கும். இரண்டைப் பெருக்கிப் பூஜ்ஜியம் வந்தால் இதுவோ அதுவோ பூஜ்ஜியமாக இருக்கவேண்டும். 3x = 0 என்றால் x = 0. x − 4 = 0 என்றால் x = 4. இரண்டையும் திரும்பப் போட்டுப் பார். இரண்டும் சரியாக வரும். ஒரு விடையை நீ கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிவிட்டாய். பிறகு என்னையும்.

பத்தாவதில் கணக்கில் பெயிலானவள் இதையெல்லாம் பேசுகிறாளே என்று உனக்குச் சிரிப்பு வரும். ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிப் பத்துப் பேரைச் சிரிக்கவைத்தவன் நீ. "எங்க வாலு கணக்குப் பரீட்சையில படம் வரைஞ்சுட்டு வந்தா." நானும் கூடச் சேர்ந்து சிரிப்பேன். பதினொரு வருஷம் கணக்குப் புத்தகமாக அடித்து அடித்து நான் கற்றுக்கொண்டது உனக்குத் தெரியாது. நீ ஒரு நாளும் கேட்டதில்லை.

பழைய பேப்பரில் அண்ணி போட்டுவிட்டாளாம். என்னைச் சொல்லி முடித்து, இப்போது அண்ணியா? பேருந்துச் சீட்டைக்கூடப் புத்தகத்துக்குள் வைத்துப் பத்திரப்படுத்துகிற ஆள் நீ. பச்சைப் பொய் சொல்லாதே.

வேறு அச்சகம் என்றாயே, நீ சொல்லும் முன்பே நான் இங்கே இரண்டு இடத்துக்குப் போய்விட்டு வந்தேன். முதல் இடத்தில் உட்காரவே சொல்லவில்லை. இரண்டாவது இடத்தில், பைண்டிங் பகுதியில் பசை தடவிக்கொண்டிருந்தவன் பக்கத்தில் இருந்தவனிடம், "இவங்கதான் சைபரை முழுங்கினவங்க" என்றான். எனக்குக் கேட்கட்டும் என்றே சொன்னான். ஊரில் மொத்தம் ஐந்து அச்சகம். எல்லா இடத்துக்கும் உன் திருத்தச் சீட்டு போயிருக்கிறது. கணக்கும் அறிவியலும் அடிக்கிறவளிடம் இருக்கவேண்டிய ஒரே சொத்து, இவள் அடித்தால் சரியாக இருக்கும் என்கிற பேச்சு. அதைத்தான் நீ எடுத்துவிட்டாய். இப்போது பேருந்து நிலையத்தின் எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையில் நாள் முழுக்க நின்று, மற்றவர்களின் அடையாள அட்டைக்கு நகல் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

பதவி கிடைத்ததும் சரிசெய்வாயாம். அதுவரை நான் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கவேண்டுமோ? அந்தப் பக்கத்தை அனுப்பு.

வாலு என்று இனி எழுதாதே.


ஜனவரி 27

தங்கச்சி,

உன் கடிதத்தைப் பள்ளிக்கூடத்தில் வாங்கிப் படித்தேன். இப்படியெல்லாம் எழுத எங்கே கற்றுக்கொண்டாய்?

நீ பேசிவிட்டாய், இப்போது நான் பேசுகிறேன். அந்த அச்சகத்தில் உன்னைக் கையைப் பிடித்து அழைத்துப்போய் உட்காரவைத்தது யார்? "கணினி தெரியாது, கத்துக்குவா" என்று முதலாளியிடம் பல்லைக் காட்டி நின்றது யார்? என் புத்தகங்கள் எல்லாவற்றையும் அந்த அச்சகத்துக்கே கொடுக்கிறேனே, யாருக்காக? உனக்கு ஒரு நிலையான இடம் இருக்கட்டும் என்றுதான். இதையெல்லாம் ஒரு நாளாவது சொல்லிக்காட்டினேனா? நீ என்னைச் சொல்லவைக்கிறாய்.

எனக்குக் காரணிப்படுத்தச் சொல்லிக்கொடுக்கிறாய். வகுப்பில் கரும்பலகைக்கு முன்னால் தினமும் ஐம்பது பேரோடு மல்லுக்கட்டிப் பார், தெரியும். குறுக்குவழி என்று ஏளனம் செய்கிறாயே, அந்தக் குறுக்குவழியால்தான் கணக்கு என்றாலே காய்ச்சல் வருகிற பிள்ளைகள் பாஸாகிறார்கள். நாலு கணக்கில் ஒரு விடை குறைந்தால் உலகம் முழுகிப்போய்விடுமா?

கேள்விக்குறி, கேள்விக்குறி என்கிறாய். முந்நூறு பக்கத்தில் நீ போட்ட கேள்விக்குறிகள் எத்தனை தெரியுமா? எழுத்துப்பிழைக்கு ஒன்று, இடைவெளிக்கு ஒன்று, கோட்டின் நீளத்துக்கு ஒன்று. அதற்கு நடுவே ஓரத்தில் பொடி எழுத்தில் "86-இல் கோடு இரண்டு இடத்தில் வெட்டுகிறதே" என்று கிறுக்கிவைத்தால், அவசரத்தில் இருக்கிறவன் என்னவென்று எடுத்துக்கொள்வான்? தப்பு என்று தெரிந்திருந்தால் தப்பு என்று தெளிவாக எழுதவேண்டியதுதானே? உனக்கே நிச்சயமில்லை. அதனால்தான் பென்சில்.

அம்மா இரண்டு வாரமாக உன்னைக் கேட்கிறாள். உனக்கு வேலை அதிகம் என்று சொல்லிவைத்திருக்கிறேன். இந்த வீட்டு மானத்தைக் காப்பாற்ற நான் ஒருவன்தான் கிடைத்தேனா?

அண்ணா


ஜனவரி 31

அண்ணா,

என் முதல் கடிதத்தின் நகல் என்னிடம் இருக்கிறது. அதைக் காசு கொடுத்து எடுத்தேன். இப்போது ஜெராக்ஸ் கடையிலேயே வேலை பார்க்கிறேன் அல்லவா, அனுப்பிய கடிதங்கள் எல்லாவற்றுக்கும் நகல் வைத்திருக்கிறேன். நேற்று எடுத்து வரி வரியாகப் படித்தேன். கேள்விக்குறி போட்டேன் என்று மட்டும் எழுதியிருக்கிறேன். 86-ஆம் பக்கம் என்றோ, கோடு இரண்டு இடத்தில் வெட்டுகிறது என்றோ எந்தக் கடிதத்திலும் நான் எழுதவில்லை.

நீ எழுதியிருக்கிறாய். ஒரு எழுத்து மாறாமல்.

அதை எழுதிய நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. செவ்வாய்க்கிழமை 86-ஆம் பக்கத்துக்கு 3x² − 12x-இன் வரைபடம் போட்டேன். கிண்ணம் மாதிரி வளைந்து, படுக்கைக் கோட்டை 0-விலும் 4-லும் வெட்டியது. அந்த இரண்டு புள்ளியையும் கறுப்பாகத் தெரியவைக்க அரைமணி நேரம் பாடுபட்டேன். வியாழக்கிழமை விடைப் பக்கம் அடிக்கும்போது அதே சார்புக்கு 4 மட்டும் இருந்தது. இரண்டு இடத்தில் வெட்டினால் இரண்டு பூஜ்ஜியம் இருக்கவேண்டுமே என்று எனக்குத் தோன்றியது. யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. நானே கண்டுபிடித்தது. அன்றைக்கு எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? அண்ணா பார்த்துவிட்டு "பரவாயில்லையே வாலு" என்று எழுதுவான் என்று நினைத்தேன். அப்படி நினைத்த என்னைச் செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும்.

பழைய பேப்பருக்குப் போன பக்கத்தை உன்னால் இப்படிப் பார்த்து எழுத முடியாது. பக்கம் உன் கையில்தான் இருக்கிறது. என் கடிதங்கள் வரும்போதெல்லாம் அதை எடுத்துப் பார்த்திருக்கிறாய். பார்த்துவிட்டுத்தான் 'தேடி மாற்று' என்று எழுதினாய்.

நீ வேலை வாங்கிக் கொடுத்தாய். உண்மை. நீ கொடுத்தது என்பதற்காக நீயே பிடுங்கிக்கொள்ளலாமா?

தாளாளருக்கு நான் எழுதப்போவதில்லை. அண்ணியிடம் சொல்லப்போவதில்லை. அம்மாவிடம் வேலை அதிகம் என்றே சொல்லிக்கொள். உன் தலையில் நான் எதையும் போடமாட்டேன். பக்கம் உன்னிடம், பதவி உன்னிடம், எல்லாம் உன்னிடம். இனி உன் கடிதத்துக்குப் பதில் எழுதுவதாக இல்லை. அந்தப் பக்கம் உள்ளே இருந்தால் மட்டும் உறையைப் பிரிப்பேன். ஒற்றைத் தாளாக இருந்தால் கையில் தடவிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.


பிப்ரவரி 11

தங்கச்சி,

நீ உறையைத் தடவிப் பார்த்துச் சந்தேகப்படக் கூடாது என்று வெளியே "பக்கம் உள்ளே இருக்கிறது" என்று எழுதியிருக்கிறேன். நகல்தான் வைத்திருக்கிறேன். அசல் முதலாளியிடம் இருக்கிறது. நேற்று நானே உன் ஊருக்கு வந்து கொடுத்தேன். உன் முன்னால் வந்து நிற்கத்தான் முகமில்லை.

நீ சொன்னது அத்தனையும் சரி. பக்கம் என் மேஜை இழுப்பறையில்தான் இருந்தது. அண்ணிக்கு இதில் சம்பந்தமே இல்லை. அவளிடம் சொன்னேன். இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை.

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன். செப்டம்பரில் அந்தப் பக்கம் திரும்பி வந்தபோது உன் கேள்விக்குறியைப் பார்த்தேன். நீ எழுதியிருந்ததையும் படித்தேன். எனக்கு ஜிவ்வென்று ஏறியது. பத்தாவதில் பெயிலானவள் என் கணக்கில் சந்தேகம் கேட்கிறாளே என்று. 86-ஆம் பக்கத்தைத் திருப்பிப் பார்க்கவே இல்லை. கணக்கைப் போட்டும் பார்க்கவில்லை. சிவப்புப் பேனாவை எடுத்து எழுதினேன். வேறு யார் அந்தக் கேள்விக்குறியைப் போட்டிருந்தாலும் ஒரு தடவை போட்டுப் பார்த்திருப்பேன். இதுதான் உண்மை. முதலாளி போன் செய்தபோது, அரை நிமிஷத்தில் எனக்குத் தப்பு எங்கே என்று விளங்கிவிட்டது. விளங்கிய பிறகுதான் அந்தப் பொய்யைச் சொன்னேன்.

போன வாரம் வகுப்பில் x² + 5x-க்குப் பூஜ்ஜியம் கண்டுபிடிக்கும்போது, பழக்கதோஷம், சாக்பீஸ் தானாக இரண்டு பக்கமும் x-ஐ அடித்துவிட்டது. முன் பெஞ்சில் ஒரு மாணவி எழுந்து, "சார், சைபர் போட்டாலும் வருதே சார்" என்றாள். "உக்காரு" என்று கத்தினேன். உட்கார்ந்துவிட்டாள். நோட்டில் எழுதியிருந்ததை ரப்பர் வைத்து அழித்தாள். சரியான விடையை அழித்தாள். அதைப் பார்த்துக்கொண்டு என்னால் நிற்க முடியவில்லை. பாதி வகுப்பில் வெளியே வந்துவிட்டேன். மறுநாள் அவளை எழுப்பி, கரும்பலகையில் அவளையே போடவைத்தேன். x(x + 5). 0, −5. நான் தப்பு, அவள் சரி என்று வகுப்பிடம் சொன்னேன். கைடில் உள்ள நாலு கணக்கும் என் தப்பு என்றும் சொன்னேன். மத்தியானத்துக்குள் தாளாளர் வரை போய்விட்டது. அவர் கூப்பிட்டுக் கேட்டார். ஆமாம் என்றேன். அறிவியல் சார்தான் தலைமையாசிரியர். முந்தாநாள் அறிவிப்புப் பலகையில் போட்டுவிட்டார்கள். வயிற்றெரிச்சல் இல்லை என்று சொன்னால் அதுவும் பொய்யாகிவிடும்.

அச்சகத்தில் பக்கத்தைக் காட்டியதும் முதலாளி என்ன சொன்னார் தெரியுமா? "பிரதியைக் கட்டுக் கட்டறப்பவே இந்தப் பக்கத்தைப் பார்த்தேன் சார். நீங்க வருஷத்துக்கு ரெண்டு புத்தகம் கொடுக்கறவரு, நாம ஏன் வாயைத் திறக்கணும்னு இருந்துட்டேன்" என்றார். எனக்குக் காறித் துப்பவேண்டும் போல இருந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

புதுத் திருத்தச் சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன். "இவை அச்சுப்பிழைகள் அல்ல. நூலாசிரியரின் பிழைகள். அச்சுக்கோத்தவர் முன்பே சுட்டிக்காட்டியும் நூலாசிரியர் கவனிக்கவில்லை." ஐந்து அச்சகத்துக்கும் நானே நடந்து போய்க் கொடுத்தேன். நீ திங்கட்கிழமை வேலைக்கு வரலாம் என்று முதலாளி சொல்லியிருக்கிறார். அடுத்த பதிப்பில் முதல் பக்கத்தில், "கணக்குகளைச் சரிபார்த்தவர் என் அன்புத் தங்கை" என்று போடலாம் என்று நினைக்கிறேன்.

என்னை மன்னித்துவிடு என்று கேட்க வாய் வரவில்லை. ஆனாலும் கேட்கிறேன்.

அண்ணா


பிப்ரவரி 22

அண்ணா,

உறையைப் பிரித்தேன். நின்றபடியே படித்தேன். படித்துவிட்டு ஜெராக்ஸ் கடையின் ஷட்டருக்குப் பின்னால் போய் ஓவென்று அழுதேன். சந்தோஷத்தில் என்று நினைத்துக்கொள்ளாதே. ஆத்திரத்தில்.

கணக்கில் தப்பு யாருக்கும் வரும். பொய்கூடப் பயத்தில் சொல்லிவிட்டாய் என்று வைத்துக்கொள்ளலாம். என்னால் தாங்கமுடியாதது செப்டம்பர். யாரும் உன்னை மிரட்டாத நேரம். பதவியும் இல்லை, பெற்றோர்களும் இல்லை, நீயும் ஒரு காகிதமும் மட்டும். அப்போது நீ கணக்கைப் பார்க்கவில்லை. கேட்டது யார் என்று பார்த்தாய். இதை நீயே எழுதியிருக்கிறாய், அதற்காக உன்னைத் திட்டவும் முடியவில்லை. திட்டாமல் இருக்கவும் முடியவில்லை. அந்த மாணவியிடம் மறுநாளே போனாய். என்னிடம் வர உனக்கு ஐந்து மாதம்.

திங்கட்கிழமை போனேன். முதலாளி ரொம்பக் குழைந்தார். "வாம்மா, உன் நாற்காலி அப்படியேதான் இருக்கு" என்றார். நான் உட்காரவில்லை.

"உங்களுக்குத் தெரிஞ்சிருந்தும் அந்தச் சீட்டை என்னையே அடிக்கவச்சீங்களே, அது எதுக்கு சார்?" என்றேன்.

"அது... வேற ஆள் இல்லம்மா அன்னிக்கு."

"என்னைத் திட்டினப்ப கதவைத் திறந்து வச்சுக்கிட்டுதான் திட்டினீங்க. எல்லாரும் கேட்டாங்க. இப்பவும் எல்லாரும் கேக்கட்டும்."

மிஷினை நிறுத்தவைத்தேன். வெட்டுகிற ஆள், பைண்டிங் ஆட்கள், வாசலில் பேப்பர் ரீம் இறக்கிக்கொண்டிருந்தவர் வரை எல்லோரும் வந்தார்கள். முதலாளி தொண்டையைச் செருமிக்கொண்டு, தப்பு இந்தம்மாமேல் இல்லை, தெரிந்தும் நான் சொல்லவில்லை என்றார். குரல் மெதுவாக வந்தது. "பின்னாடி இருக்கறவங்களுக்குக் கேக்கல சார்" என்றேன். இன்னொரு தடவை சொன்னார். அதன்பிறகுதான் உட்கார்ந்தேன். இனிமேல் கணக்குப் புத்தகம் எதுவானாலும் நான் போட்டுப் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகே அச்சுக்குப் போகும் என்று எழுதி வாங்கிக்கொண்டேன். எழுத்தில்.

நீ பதவியை இழந்ததற்கு நான் வருத்தப்படவேண்டுமா என்று யோசித்தேன். அம்மா என்ன நினைப்பாள் என்று மட்டும் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது. மற்றபடி இல்லை. 'அன்புத் தங்கை' எல்லாம் வேண்டாம். சரிபார்த்தவர் என்று போட்டு, பக்கத்தில் ஒழுங்காகப் பெயரைப் போடு. மன்னிப்பைப் பற்றி இப்போது என்னிடம் கேட்காதே. இல்லாததைக் கேட்டால் எங்கிருந்து எடுத்துத் தருவேன்?

பிள்ளைகளுக்கு முழு ஆண்டுத் தேர்வுக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது. அந்த நாலு கணக்குக்குச் சீட்டு ஒட்டினால் போதும் என்று நீ நினைத்திருக்கிறாய். போதாது. வந்த அன்றிலிருந்து உன் புத்தகத்தில் உள்ள இருநூற்றுப் பதினான்கு இருபடிக் கணக்கையும் ஒன்று விடாமல் காரணிப்படுத்தி, விடையைத் திரும்பப் போட்டுப் பார்த்துவிட்டேன். இன்னும் பதினேழு தப்பு இருக்கிறது. நீ உன்மேல் போட்டுக்கொண்ட பழி நாலுக்குத்தான். மீதியை யாரும் இதுவரை பார்க்கவில்லை. நான் சும்மா இருந்தால் யாருக்கும் தெரியாது. உன் பெயர் கொஞ்சமாவது மிஞ்சும். இரண்டு நாள் அதை யோசித்தேன்.

பட்டியல் இதோடு இருக்கிறது. விடுமுறை போட்டுவிட்டு உட்கார். முதலில் ஐம்பத்திரண்டாவது கணக்கு, x² − x − 12. நீ −4, 3 என்று போட்டிருக்கிறாய். (x − 4)(x + 3) என்று பிரித்து, ஒவ்வொன்றாகப் பூஜ்ஜியமாக்கிப் பார். வெள்ளிக்கிழமைக்குள் பதினேழும் வரவேண்டும். சனிக்கிழமை காலை புதுச் சீட்டு அச்சுக்கு.